வராந்தாவில் 4 டிகிரி, ஓடையோரத்தில் வெண்பனி: எதைப் பறிப்பது, எதை மூடுவது?

கீழ்ப்பாத்தி (காலை 8.15)
வணக்கம். உதகையில் காந்தல் பக்கம், பள்ளத்தில் அமைந்த வாடகை வீடு. கோவையிலிருந்து வந்த எங்களுக்கு இதுதான் முதல் பனிக்காலம். வீட்டுக்குப் பின்னால் மூன்று அடுக்காகத் தோட்டம். மேல் அடுக்கில் பீன்ஸ், தக்காளி, மிளகாய். நடுவில் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ். கீழே ஓடையை ஒட்டி உருளைக்கிழங்கும் மேரக்காய் (சௌசௌ) பந்தலும். ஊரிலிருந்து கொண்டுவந்த கறிவேப்பிலை ஒன்று தொட்டியில் இருக்கிறது.

மழை நின்று வானம் வெளுத்துவிட்டது. இன்று விடியற்காலையில் வராந்தாச் சுவரில் இருக்கும் வெப்பமானி 4 டிகிரி காட்டியது. ஆனால் ஓடையோரப் புல் வெள்ளையாகி, மிதித்தால் நொறுங்கியது. மேரக்காய்க் கொழுந்துகள் சில வேகவைத்த கீரை மாதிரி துவண்டுவிட்டன. மேல் அடுக்கில் ஒன்றும் ஆகவில்லை. வெப்பமானி பழுதா? தக்காளி இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது, பறித்துவிடலாமா? பக்கத்து வீட்டுத் தாத்தா சருகு கொளுத்திப் புகை போடச் சொல்கிறார்.

தலைகுந்தா தோட்டக்காரர் (காலை 9.02)
வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறது தம்பி, அதன் இடம்தான் சரியில்லை. சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும். மேலே கூரை வேறு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் வெப்பமெல்லாம் வானத்துக்குப் போய்விடும். அப்போது புல்லும் இலையும் ஆளுயரக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி, சில இரவுகளில் இன்னும் அதிகமாகவே குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் தலைகுந்தாவிலும் உங்கள் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் முதலில் வெளுப்பது இதனால்தான். வெப்பமானியை இன்றிரவு கீழ் அடுக்கில், தரையை ஒட்டித் திறந்தவெளியில் வையுங்கள்.

இன்றே பறிக்க வேண்டியவை: பீன்ஸ், மிளகாய், முற்றிய மேரக்காய், தக்காளி. பச்சைத் தக்காளியில் முழு அளவுக்கு வளர்ந்து, நிறம் சற்றே வெளிறியவை மட்டும் வீட்டுக்குள் பழுக்கும். அவற்றை ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையில் போட்டுச் சமையலறையில் வையுங்கள். குளிர்பதனப் பெட்டி வேண்டாம், சுவை கெட்டுவிடும். பிஞ்சுகள் பழுக்காது, ஊறுகாய்க்கோ கூட்டுக்கோ ஆகும். கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் மூன்றையும் அப்படியே விடுங்கள், இலேசான பனியை அவை தாங்கும். கேரட் குளிரில் இன்னும் இனிக்கும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் உங்களுக்குத்தான் நட்டம்.

குன்னூர் மாடித்தோட்டம் (காலை 9.40)
கறிவேப்பிலைத் தொட்டியை இன்றே வீட்டுக்குள் எடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

மலைச்சரிவு (காலை 10.10)
இவ்வளவு சிரமம் எதற்கு? விடியற்காலை ஐந்து மணிக்குச் செடிகள் மேல் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும், பனி கரைந்துவிடும். தோட்டங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

தலைகுந்தா தோட்டக்காரர் (காலை 10.35)
பாதி சரி. தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிடும். ஆகவே வெயில் வந்து பனி உருகும்வரை தெளிப்பான் விடாமல் ஓடினால் இலை தப்பும். ஐந்து மணிக்கு இரண்டு குடம் ஊற்றிவிட்டுப் படுத்துக்கொண்டால், ஈர இலை ஆவியாதலில் மேலும் குளிர்ந்து நிலைமை மோசமாகும். வீட்டுத் தோட்டத்துக்குத் துணிதான் ஏற்றது. தண்ணீரை நண்பகலுக்கு முன்பே மண்ணுக்குப் பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தை வாங்கி இரவில் விடும்.

புகையை மறந்துவிடுங்கள். மேகம் தடுக்கும் வெப்பத்தைப் புகை தடுக்காது. அதன் துகள்கள் அதற்கு மிகச் சிறியவை. தாத்தாவுக்கு இருமல்தான் மிஞ்சும்.

கீழ்ப்பாத்தி (மாலை 4.20)
நன்றி ஐயா. பீன்ஸ், மிளகாய், மேரக்காய், தேறிய தக்காளி எல்லாம் பறித்தாயிற்று, கறிவேப்பிலை உள்ளே வந்துவிட்டது. பழைய வேட்டிகளும் தார்ப்பாயும் இருக்கின்றன. தக்காளிச் செடியைச் சுற்றித் தண்டோடு கட்டிவிடலாமா? உருளையை என்ன செய்வது?

தலைகுந்தா தோட்டக்காரர் (மாலை 4.45)
தண்டோடு கட்டாதீர்கள். செடிக்கு வெப்பம் வருவது மண்ணிலிருந்து. துணி கூடாரமாகத் தரைவரை விரிந்து, ஓரங்களில் கல் வைத்திருக்க வேண்டும். உள்ளே மூங்கில் குச்சி நட்டால் துணி இலையில் படாது. தார்ப்பாய் என்றால் இது இன்னும் முக்கியம். பட்ட இடம் கருகும். வெயில் இறங்கும்போதே மூடுங்கள், இருட்டியபின் மூடினால் குளிரைத்தான் மூடி வைப்பீர்கள். காலையில் பனி விலகியதும் திறந்துவிடுங்கள். செடியடியில் காய்ந்த சருகு தடிமனாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். அது மண்ணின் வெப்பத்தை மேலே விடாது. பூங்காவில் மலர்ச்செடிகள் மேல் மிலார் என்ற புதர்ச்செடியின் கிளைகளைப் போர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். துணி போதாவிட்டால் அதுவும் ஆகும்.

உருளைக்குக் கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் பயமில்லை. வெளியே தெரியும் கிழங்குக்கு மண் அணையுங்கள். இலை கருகினால் தண்டை அறுத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தோண்டுங்கள், தோல் முற்றியிருக்கும். பச்சை நிறம் ஏறிய கிழங்கைச் சமைக்க வேண்டாம்.

கீழ்ப்பாத்தி (மறுநாள் காலை 8.30)
தரையில் வைத்த வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே 1 டிகிரி காட்டியது. வராந்தாவில் இருந்திருந்தால் 3 என்று சொல்லியிருக்கும். தக்காளி தப்பியது, வேட்டி சரிந்து இலையில் பட்ட ஒரு மூலையைத் தவிர. மேரக்காய்ப் பந்தல் மேலே முழுக்கக் கறுத்துவிட்டது. கருகியதை வெட்டிச் சுத்தம் செய்துவிடவா?

தலைகுந்தா தோட்டக்காரர் (காலை 8.50)
இப்போது வேண்டாம். இன்னும் பனி இருக்கிறது, பிப்ரவரி வரைக்கும்கூட வரும். கருகிய இலை கீழே உள்ள கணுக்களுக்குப் போர்வை. இப்போது வெட்டினால் புதுத் துளிர் கிளம்பி அதுவும் அடுத்த பனியில் போகும். கொடி முழுவதும் போனாலும் மேரக்காய் அடிக்கிழங்கிலிருந்து மறுபடி வரும். தூரில் இரண்டு கூடை மண் போட்டு வையுங்கள்.