இட்லி சாம்பார்கூட ஒத்துக்கொள்ளவில்லை: கும்பகோணம் பக்கம் ஓட்டல் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

என் மகளுக்கு 9 வயது. சீலியாக் நோய், அதாவது கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய். போன வருடம் ரத்தப் பரிசோதனையிலும் பயாப்சியிலும் உறுதியானது. கோதுமை, மைதா, ரவை, பார்லி துளிகூட ஆகாது. வீட்டில் பழகிவிட்டோம், வெளியே சாப்பிடுவதுதான் முடியவில்லை.

அரிசி தின்கிற ஊரில் என்ன கஷ்டம் என்று நானும்தான் நினைத்தேன். இரண்டு மாதம் முன்பு திருச்சியில் ஒரு ஓட்டலில் இட்லியும் சாம்பாரும் மட்டும் சாப்பிட்டாள். அன்று இரவே வயிற்று உப்புசம், வயிற்றுப்போக்கு. பிறகு வாய்ப்புண். விசாரித்தால், சாம்பாரில் கூட்டுப் பெருங்காயம்! அதில் மைதா சேர்ப்பது டப்பாவின் பின்பக்கமே போட்டிருக்கிறது. யார் படித்தோம்?

அதன்பிறகு வேறு கடைகளில் சாதா தோசை கேட்டோம். ரவா தோசை ஊற்றிய அதே கல். வடை என்றால் பூரி பொரித்த எண்ணெய். கோதுமை ஆகாது என்று தமிழில் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அது சர்வரைத் தாண்டி அடுப்படிக்குப் போவதில்லை. ஒருவர், "சப்பாத்தி வேண்டாமென்றால் பூரி தரட்டுமா?" என்றார்.

அடுத்த மாதம் நவக்கிரகக் கோயில்களுக்குப் போகிறோம். மூன்று நாள், கும்பகோணத்தில் தங்கல், சைவம். அறையில் சமைக்க அனுமதியில்லை. கட்டுச்சோறு ஒரு நாள்தான் தாங்கும்.

கும்பகோணம், மாயவரம் வட்டாரத்தில் கூட்டுப் பெருங்காயம் போடாமல், தனிக் கல்லில் தோசை ஊற்றித் தரும் ஓட்டலோ மெஸ்ஸோ, நீங்களே போய்ப் பார்த்தது, ஏதாவது இருக்கிறதா?