ஸ்காலர்ல எச்-இண்டெக்ஸ் 31, ஸ்கோப்பஸ்ல 22: விண்ணப்பத்துல எதைப் போடுறது?

நூலகமேசை
வணக்கம். மருத்துவக் கல்லூரியில நீரிழிவுத் துறைப் பேராசிரியர் ஒருத்தருக்கு விருது விண்ணப்பம் தயாராகுது. கட்டுரைப் பட்டியல், மொத்த சைட்டேஷன் (மத்த கட்டுரைகள் இதை மேற்கோள் காட்டின எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் கேட்டிருக்காங்க. எந்தத் தளத்துல எடுக்கணும்னு படிவத்துல இல்ல. மேற்கோள்களை எண்ணித் தர்ற தளங்கள்ல கூகுள் ஸ்காலர் 31ங்குது, ஸ்கோப்பஸ் 22, வெப் ஆஃப் சயின்ஸ் 20. ஒரே ஆளுக்கு ஏன் இவ்வளவு வித்தியாசம்? போதாக்குறைக்கு ஸ்கோப்பஸ்ல அவர் பேர்ல மூணு புரொஃபைல் கிடக்கு.

பொருநை
மூணு புரொஃபைல் இருக்கிற வரைக்கும் அந்த 22ஐ நம்பாதீங்க. மூணு புரொஃபைலோட எச்-இண்டெக்ஸையும் கூட்டினாலும் சரியா வராது. எச்-இண்டெக்ஸ் 2005ல ஹிர்ஷ்ங்கிற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. கட்டுரைகளை சைட்டேஷன் இறங்குவரிசையில அடுக்கி, சைட்டேஷன் வரிசை எண்ணுக்குக் குறையாத கடைசி இடத்தைப் பார்க்கணும். 40, 31, 12, 5, 5, 3ன்னு இருந்தா அஞ்சாவதுக்கு 5 இருக்கு, ஆறாவதுக்கு 3தான். அதனால எச் 5. அந்த 40 நாளைக்கு 400 ஆனாலும் எச் அதே 5தான்.

ஸ்கோப்பஸ்ல ஆசிரியர் தேடல்ல போய் மூணு புரொஃபைலையும் டிக் பண்ணி மெர்ஜ் (ஒண்ணாச் சேர்க்கிற) கோரிக்கை கொடுங்க. எந்தப் பேர் நிலைக்கணும்னு கேட்கும். அடுத்த திரையில கட்டுரைகளை ஒவ்வொண்ணா பார்த்து, அவரோடது இல்லாததை எடுத்துடுங்க. இதை அவசரத்துல தாண்டினா அடுத்தவர் கட்டுரை உள்ளே வந்துடும். உடனே மாறாது, ஆள் பார்த்துத்தான் சேர்ப்பாங்க. விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தின நாள் ஆரம்பிக்காதீங்க.

வித்தியாசத்துக்குக் காரணம், எதை எண்ணுறாங்கங்கிறதுதான். ஸ்காலர் ஆய்வேடு, ப்ரீபிரிண்ட் (இதழ்ல வர்றதுக்கு முன்னாடியே இணையத்துல போடுற வடிவம்), மாநாட்டுச் சுருக்கம், கல்லூரித் தளத்துல கிடக்கிற பிடிஎஃப் எல்லாத்தையும் சேர்க்கும். மத்த ரெண்டும் தேர்ந்தெடுத்த இதழ்களை வச்சுத்தான் எண்ணும். ஸ்கோப்பஸ்ல மேற்கோள் கணக்கு 1970க்குப் பின்னாடிதான். வெப் ஆஃப் சயின்ஸ்ல கல்லூரிச் சந்தா எந்த வருஷத்துல இருந்து இருக்குங்கிறதும் ரிப்போர்ட்டை மாத்தும்.

தலைப்பெழுத்து
மூணு புரொஃபைல் ஏன் வந்துச்சுன்னு யாரும் கேட்கலையே. நம்ம பேர் வைக்கிற முறைதான். கே. செந்தில்னு போட்டா பப்மெட்ங்கிற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்துல ‘செந்தில் கே’ன்னு ஏறும். இன்னொரு இதழ் குடும்பப்பேர் கட்டாயம்னு கேட்க, தலைப்பெழுத்தை விரிச்சு ‘செந்தில் கருப்பையா’ன்னு கொடுத்தா ‘கருப்பையா எஸ்’ ஆயிடும். மகன் எழுதின கட்டுரை அப்பா பேர்ல போய் உட்கார்ந்துடும்! ‘குமார் எஸ்’ மாதிரிப் பேர்னா கேட்கவே வேண்டாம், அது ஒரு பெருங்கூட்டம்.

ரெண்டு வடிவத்துலயும் பப்மெட்ல தேடுங்க. கூடவே கல்லூரிப் பேரோட பழைய, புதிய எழுத்துக்கூட்டல் எல்லாத்தையும் ‘அல்லது’ போட்டுச் சேருங்க. கிடைச்சதை பேராசிரியரோட சொந்தப் பட்டியலோட ஒப்பிட்டுட்டு, அவரோட ஆர்கிட் (ஆய்வாளருக்குத் தர்ற 16 இலக்கத் தனி அடையாள எண்) கணக்குல ஏத்துங்க. இனி அனுப்புற ஒவ்வொரு கட்டுரையிலும் அந்த எண் போகணும்.

ஸ்காலர்ல தானா சேர்க்கிறதை நிறுத்திட்டு, ‘ஒப்புதல் கேள்’னு மாத்துங்க. ஒரே கட்டுரை ரெண்டு தடவை இருந்தா மெர்ஜ் பண்ணலாம். சைட்டேஷன் பக்கத்துல நட்சத்திரக்குறி தெரிஞ்சா வேற கட்டுரையோட மேற்கோளும் கலந்திருக்கலாம், திறந்து பாருங்க.

நடுவர்பக்கம்
எண்ணைத் தனியா விடாதீங்க. உதாரணத்துக்கு, “எச்-இண்டெக்ஸ் 24, ஸ்கோப்பஸ், எடுத்த தேதி, சுய மேற்கோள் நீக்கி”ன்னு ஒரே வரியில எழுதினா யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. ஸ்கோப்பஸோட சைட்டேஷன் ஓவர்வியூ பக்கத்துல சுய மேற்கோளை நீக்க ரெண்டு பெட்டி இருக்கு. ஒண்ணு அவரோட மேற்கோளை மட்டும் கழிக்கும், இன்னொண்ணு இணை ஆசிரியர்களோடதையும் கழிக்கும். ரெண்டாவது கடுமையானது, அதையே போடுங்க.

அதைவிட முக்கியம், முதல் இருபது கட்டுரைகள்ல அவர் எந்த இடத்துல நிக்கிறார்ங்கிறது. மருத்துவத்துல முதல் பேர் வேலை செஞ்சவர், கடைசிப் பேர் வழிநடத்தினவர். உலக நோய்ச்சுமை ஆய்வுக் கட்டுரைகள்ல நூத்துக்கணக்கான ஆசிரியர்கள் இருப்பாங்க. அப்படி நாலு கட்டுரை மொத்த சைட்டேஷனை ஊதிப் பெருக்கிடும். சிகிச்சை வழிகாட்டிகளும் அப்படித்தான். இதையெல்லாம் தனிக் கட்டத்துல காட்டுங்க, மறைச்சா நடுவர் கண்டுபிடிப்பார்.

இதுக்கு நேர் எதிரும் உண்டு. காசநோயாளிகளை வீட்டுல வச்சே குணப்படுத்தலாம்னு காட்டின சென்னை ஆய்வு, 1959ல உலக சுகாதார நிறுவனத்தோட இதழ்ல வந்துச்சு. ஆசிரியர் இடத்துல ‘காசநோய் வேதிச்சிகிச்சை மையம், மெட்ராஸ்’னு மையத்தோட பேர்தான். காசநோயாளிகளைத் தங்க வச்ச சானடோரியங்களையே காலி பண்ணின கட்டுரை, ஆனா யாரோட எச்-இண்டெக்ஸும் அதால ஏறல.

துறையையும் கட்டுரையோட வயசையும் சமன் பண்ணிப் பார்க்க, அமெரிக்க அரசோட மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சோட இலவச ஐசைட் கருவியில கட்டுரைகளோட பப்மெட் எண்களை ஒட்டுங்க. ஆர்சிஆர்னு ஒரு விகிதம் வரும். 1.0ன்னா என்ஐஎச் நிதி பெற்ற கட்டுரைகளோட நடுவளவு. புதுசா வந்த கட்டுரைக்கு அந்த எண் தற்காலிகமானதுதான்.

நூலகமேசை
மிக்க நன்றி. ‘உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்’ பட்டியல்ல அவர் பேர் வந்திருக்கு. போடலாமா?

நடுவர்பக்கம்
போடலாம், ஆனா எந்தப் பட்டியல்னு சொல்லணும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அயோனிடிஸோட குழு ரெண்டு பட்டியல் தருது. ஒண்ணு வாழ்நாள் கணக்கு, இன்னொண்ணு ஒரே வருஷக் கணக்கு. பத்திரிகையில வர்றது பெரும்பாலும் ரெண்டாவது. ரேங்க் வர்றது ஆறு அளவுகளைக் கலந்த சி-ஸ்கோர்ல. மொத்த சைட்டேஷன், எச், கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏத்தபடி திருத்தின எச், அப்புறம் தனி, முதல், கடைசி ஆசிரியர் இடங்களுக்கான மூணு. மூலம் ஸ்கோப்பஸ்தான், அதனால புரொஃபைல் சிதறியிருந்தா அங்கேயும் ரேங்க் தப்பா வரும்.

பொருநை
அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொரு வேலை. பட்டியல்ல வெளியான பிறகு திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது இருக்கான்னு பப்மெட்ல பாருங்க. திரும்பப் பெற்ற பிறகும் அதுக்கு சைட்டேஷன் ஏறிட்டே இருக்கும், எச்-இண்டெக்ஸும் அதைக் கழிக்காது.