கோடை விடுமுறையில் பல்கலைக்கழக நூலகம்: அனுபவப் பகிர்வு

முனைவர் பட்ட ஆய்வாளர்

பருவத் தேர்வுகள் முடிந்து விடுதிகள் காலியாகும் வேளையில் நூலகம் வெளியிடும் கோடை அறிவிப்பில் பெரும்பாலோர் பார்ப்பது வேலை நேரத்தை மட்டுமே. மாலையிலேயே கதவு அடைக்கப்படும், வார இறுதியில் வாசிப்புக் கூடம் திறக்காது என்ற வரிகளைப் படித்ததும், மற்றவற்றை அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று புறப்பட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆய்வு செய்பவருக்கு நூலகம் மிகுதியாகப் பயன்படும் காலம் இந்த இடைவெளிதான் என்பது என் அனுபவம். நூல்களும் தரவுத்தளங்களும் ஆண்டு முழுவதும் இருப்பவை. பருவம் நடக்கும்போது வரிசையில் நிற்பவர்களுக்குப் பதில் சொல்லியே பொழுது கழியும் நூலகர்களுக்கு, கோடையில்தான் ஒருவரோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது.

வெயிலில் வேலை செய்யும் கட்டுமானத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றியது என் ஆய்வு. துறை நூலகரைத் தனியாகச் சந்திக்க முன்பதிவு செய்யலாம் என்று அறிவிப்பின் கடைசியில் இருந்ததைப் பார்த்து நேரம் கேட்டிருந்தேன். போய் உட்கார்ந்ததும் அவர் கணினியைத் திறக்கவில்லை. “தலைப்பு இருக்கட்டும் அம்மா, நீங்கள் விடை தேடும் கேள்வி என்ன, அதை முதலில் சொல்லுங்கள்” என்றார். நான் சொல்லச் சொல்ல ஒரு வெள்ளைத் தாளை மூன்று பத்திகளாகப் பிரித்து, யாருக்கு, எதனால், என்ன பாதிப்பு என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஆய்வாளர்கள் எழுதக்கூடிய மாற்றுச் சொற்களை எழுதிக்கொண்டே போனார். அதன் பிறகுதான் பப்மெட் தளத்தைத் திறந்தார். அங்குள்ள மருத்துவக் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்கு, 1960 முதல் பராமரிக்கப்பட்டுவரும் ‘மெஷ்’ பட்டியலிலிருந்து பொருள் தலைப்புகள் இடப்படுகின்றன. கட்டுரையாசிரியர் தம் தலைப்பில் எந்தச் சொல்லைக் கையாண்டிருந்தாலும் கட்டுரை உரிய பொருள் தலைப்பின் கீழ் வந்துவிடும் என்பதையும், அந்தத் தலைப்பின் கிளைகளையும் சேர்த்துத் தேடும் வழியையும் அவர் செய்துகாட்டினார். என் சொற்களுக்கு அகப்படாத கட்டுரைகள் வரிசையாக வந்து நின்றன.

அவர் சொன்ன இன்னொன்று, என் ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தையே காப்பாற்றியது. தேடிய நாள், தரவுத்தளத்தின் பெயர், தட்டச்சு செய்த தேடல் தொடர், கிடைத்த முடிவுகளின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒவ்வொரு தேடலுக்கும் அப்போதைக்கப்போதே குறித்துவைக்கச் சொன்னார். ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிடும் முறைசார் மீள்பார்வைக் கட்டுரைகளுக்கான பிரிஸ்மா நெறிமுறை, அதன் 2020ஆம் ஆண்டு வடிவத்தில், பயன்படுத்திய எல்லாத் தரவுத்தளங்களுக்கும் முழுத் தேடல் உத்தியைத் தரும்படி கேட்கிறது. மாதங்கள் கழித்து அதை நினைவிலிருந்து எழுத யாராலும் முடியாது. என் நெறியாளர் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுத் தேடல் பகுதியில் ஒரு திருத்தமும் சொல்லவில்லை. கோடையில் நூலகத்துக்குச் சென்ற மற்றவர்களும் தங்களுக்குக் கிடைத்ததை எழுதினால், அடுத்து வருபவர்களுக்குப் பெரிதும் உதவும்.

நூலகப் பணியாளர்

மேலே எழுதியிருப்பது எங்கள் பக்கத்திலிருந்தும் உண்மை. கோடையில் சந்திப்பு கேட்டு வருபவர்களோடு பேசுவது எங்களுக்கும் நிறைவு தரும் வேலை. அவர்கள் குறைவாகவே வருகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

விடுமுறையில் எங்களிடம் வரும் மின்னஞ்சல்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான் இருக்கும்: வளாகத்தில் திறந்த கட்டுரை வீட்டிலிருந்து பார்த்தால் ஏன் பணம் கேட்கிறது? பதிப்பகத்தின் தளம் ஆளைப் பார்ப்பதில்லை, எந்த இணைய முகவரியிலிருந்து கோரிக்கை வருகிறது என்பதையே பார்க்கிறது. வளாக வலைப்பின்னலின் முகவரிகள் அவர்களிடம் பதிவாகியிருப்பதால் அங்கே கதவு தானாகத் திறக்கிறது. வீட்டு இணைப்பின் முகவரி அந்தப் பட்டியலில் இல்லை. இதற்காகத்தான் 1999இல் வந்த ஈஸிப்ராக்ஸி போன்ற இடைநிலை மென்பொருள்களை நூலகங்கள் நிறுவியிருக்கின்றன. நூலகத்தின் நூற்பட்டியல் வழியாகச் சென்று பல்கலைக்கழகக் கடவுச்சொல்லைக் கொடுத்தால், கோரிக்கை நூலகத்தின் சேவையகத்தைச் சுற்றிக்கொண்டு போகும். பதிப்பகத்துக்கு அது வளாகத்திலிருந்து வந்ததாகவே தெரியும். தேடுபொறியில் கிடைத்த சுட்டியை நேராகச் சொடுக்கினால் இந்தச் சுற்று நடப்பதில்லை. ஆகவே கட்டுரையின் தலைப்பையோ அதற்கே உரிய அடையாளமான டிஓஐ எண்ணையோ படியெடுத்து நூலகத்தின் தேடல் பெட்டியில் இடுங்கள். பெரும்பாலான சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஊருக்குப் போவதற்குள் எல்லாவற்றையும் இறக்கிவைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆய்விதழின் பல தொகுதிகளை ஒரே இரவில் தானியங்கி நிரல் மூலம் இறக்கும் மாணவர்களும் உண்டு. உரிம ஒப்பந்தங்கள் மொத்தமாக இறக்குவதைத் தடைசெய்கின்றன. அப்படி ஒரு சம்பவத்தில் பதிப்பகம் முழுப் பல்கலைக்கழகத்துக்கான அணுகலையே நிறுத்திவிட்டது. மறுநாள் காலையில் ஆய்வேடு ஒப்படைக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் தொலைபேசியில் தவித்ததை மறக்க முடியவில்லை. தரவுப் பகுப்பாய்வுக்காகப் பெருந்தொகையான கட்டுரைகள் தேவையென்றால் முன்கூட்டியே எங்களிடம் கேளுங்கள். அதற்கென்று தனி அனுமதியையும் தனி வழியையும் தரும் பதிப்பகங்கள் பல இருக்கின்றன.

இரவல் தவணையைப் பற்றியும் ஒரு சொல். கோடையில் பல நூலகங்கள் தவணைத் தேதியை அடுத்த பருவத் தொடக்கத்துக்குத் தள்ளிவைக்கின்றன. ஆனால் வேறொருவர் அதே நூலைக் கேட்டுவிட்டால் தேதி முன்னுக்கு வந்துவிடும். விடுமுறையிலும் பல்கலைக்கழக மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள்.

வாசகர்கள் கண்ணில் படாமல் நடக்கும் பெரிய வேலை இருப்புச் சரிபார்ப்பு. அலமாரி அலமாரியாக, தட்டுத் தட்டாக, நூலின் இடத்தைக் காட்டும் அழைப்பெண்களின் வரிசையைப் படித்துக்கொண்டே போவோம். இடம் மாறி வைக்கப்பட்ட நூல் தொலைந்த நூலுக்குச் சமம்: பட்டியலில் இருக்கிறது என்று காட்டும், போய்ப் பார்த்தால் இருக்காது. ஆண்டுக்கணக்கில் காணாமற்போனதாகக் குறிக்கப்பட்ட நூல் இரண்டு அலமாரி தள்ளிக் கிடைக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி சொல்லில் அடங்காது. மின்சாரச் சிக்கனத்துக்காகக் குளிரூட்டியை நிறுத்திவைக்கும் கட்டடங்களில் இதே சுற்றில் பூஞ்சையையும் தேடுகிறோம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நீடித்தால் துணி அட்டைகளின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகப் படியத் தொடங்கும். அப்படிப்பட்ட நூலைக் கண்டால் துடைக்காதீர்கள், தட்டாதீர்கள். துடைத்தால் துணியில் ஏறும், தட்டினால் பக்கத்து நூல்களுக்குப் பரவும். அழைப்பெண்ணைக் குறித்துக்கொண்டு மேசையில் வந்து சொன்னாலே போதும்.

பட்டம் பெற்றுச் சென்றவர்

எனக்கு நினைவில் நிற்பது நிலுவையின்மைச் சான்றுக்காக நூலக முகப்பில் நின்ற நாள். முத்திரையைக் கையில் எடுத்த மூத்த பணியாளர், குத்துவதற்கு முன், “தம்பி, மேற்கோள் தொகுப்பையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டீர்களா?” என்று கேட்டார். பல்கலைக்கழகக் கணக்கு முடங்கும்போது அதனோடு இணைந்த எல்லாமும் போய்விடும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். பக்கத்துக் கணினியில் உட்கார வைத்து, பல்கலைக்கழகச் சந்தாவில் இயங்கிய மென்பொருளிலிருந்து என் மேற்கோள்கள் அனைத்தையும் ஆர்ஐஎஸ் கோப்பாக வெளியே எடுக்கச் செய்தார். அந்தக் கோப்பை எந்த மேற்கோள் மென்பொருளும் படிக்கும். 2006 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஜொடீரோவில் நான் அதை ஏற்றிக்கொண்டேன்; கோப்புகளைச் சேமிக்க அது தரும் இலவச இடம் 300 மெகாபைட் என்றாலும், மேற்கோள் விவரங்களுக்கு அந்த வரம்பு இல்லை.

ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண்ணின் கணக்கில் தனிப்பட்ட மின்னஞ்சலையும் சேர்க்கச் சொன்னார். 2012இல் தொடங்கப்பட்ட இந்த அடையாள எண் நம்மோடு வாழ்நாள் முழுவதும் வருவது. ஆனால் பல்கலைக்கழக மின்னஞ்சலை மட்டும் கொடுத்துப் பதிந்தவர்கள், அது மூடப்பட்ட பின் கடவுச்சொல்லை மறந்தால் உள்ளே நுழையப் படாத பாடு பட வேண்டியிருக்கிறது. படித்து முடித்துப் போகிறவரிடம் முத்திரை குத்தி அனுப்பிவிட்டாலே அவருடைய கடமை முடிந்திருக்கும். அதற்கு மேல் அவர் கொடுத்த அந்த அரை மணி நேரத்துக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

வெளியேறிய பின் எப்படிப் படிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பல பதிப்பகங்களின் ஒப்பந்தத்தில், நூலகக் கட்டடத்துக்குள் நேரில் வருபவர் யாராயினும் அங்குள்ள கணினியில் படிக்கலாம் என்ற விதி இருக்கிறது. எனவே அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தில் பார்வையாளர் அனுமதி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கோடையில் இருக்கைக்குப் பஞ்சமில்லை. இயற்பியல், கணிதம், கணினியியல் படிப்பவர்களுக்கு ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கத் தரும், 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ் தளம் இருக்கிறது. எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக, உலாவியில் அன்பேவால் நீட்சியை நிறுவிக்கொண்டால், கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் படி எங்காவது இருக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் பச்சை நிறப் பூட்டு தோன்றும். அதிலும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே எழுதிக் கேட்கலாம். நான் எழுதியவர்களில் பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தார்கள்.

விரிவுரையாளர்

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும். அடுத்த பருவத்துக்கான வாசிப்புப் பட்டியலைக் கோடையிலேயே நூலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். மின்னூல்தானே, எல்லோரும் படிக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும், மூவர் மட்டும், வரம்பில்லாமல் என்று உரிமங்கள் பல வகைப்படும். ஒருவருக்கான உரிமம் உள்ள நூலை அறுபது மாணவர்களுக்குப் பாடமாக வைத்தால் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் பட்டியலை முன்பே கொடுத்ததால், கொள்முதல் பிரிவினர் உரிமத்தை உயர்த்தவும், அச்சிட்ட படிகள் இரண்டை வெளியே இரவல் தராமல் ஒதுக்கிவைக்கவும் அவகாசம் கிடைத்தது.

வரலாற்றுத் துறை மாணவர்

அரிய நூல்களும் கையெழுத்து ஆவணங்களும் வைத்திருக்கும் சிறப்புத் தொகுப்புப் பிரிவில் கழித்த கோடைதான் என் படிப்பிலேயே சிறந்த காலம். அங்கே நேராகப் போய் அலமாரியைத் துழாவ முடியாது. தொகுப்பின் விளக்கப் பட்டியலைப் படித்து, வேண்டிய பெட்டிகளின் எண்களை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும். சில பெட்டிகள் வேறு கட்டடத்திலுள்ள கிடங்கிலிருந்து வர வேண்டியிருப்பதால் கோடை நேரத்தில் இரண்டொரு நாள் கூடுதலாகவும் ஆகலாம். பையையும் பேனாவையும் வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு மட்டும் உள்ளே போக வேண்டும். மையை அழிக்க முடியாது என்பதே காரணம்.

நான் கேட்டிருந்தது ஒரு தொழிற்சங்கத்தின் பழைய கடிதக் கோப்பு. காப்பாளர் அதை மேசையில் வைத்து, நூலின் முதுகு ஒடியாதபடி தாங்கும் சாய்வுத் திண்டுகளை இருபுறமும் அடுக்கி, கைகளை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொன்னார். கையுறை வேண்டாமா என்று கேட்டேன். சாதாரணத் தாளுக்கு வேண்டாம், கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மென்மை தெரியாமல் ஓரத்தைக் கிழித்துவிடுவோம், புகைப்படங்களைத் தொடும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கடிதங்களை நான் படிப்பதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், இதே சங்கத்தைப் பற்றி இன்னொரு தொகுப்பில், வேறொருவர் பெயரில், இன்னும் பட்டியலிடப்படாத சில தாள்கள் இருப்பதாகச் சொன்னார். எந்தத் தேடல் பெட்டியிலும் அது வந்திருக்காது. அந்தக் கோடையில்தான் அவர்கள் அந்தப் பெட்டிகளைப் பிரித்து ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்கள். உரிய அனுமதியைப் பெற்று அவற்றையும் எனக்குக் காட்டினார்.

போகிறவர்களுக்கு அவர் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். ஆவணங்களைப் படமெடுக்க அனுமதி உண்டென்றால், கேமராவின் மின்னொளியை (ஃபிளாஷ்) அணைத்துவிட்டு, தொகுப்பின் பெயர், பெட்டி எண், கோப்பு எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டை ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் தெரியும்படி வைத்து எடுங்கள். சீட்டைத் தாளின் மேல் வைக்காமல் பக்கத்தில் வையுங்கள். நூற்றுக்கணக்கான படங்களோடு வீடு திரும்பி எழுத உட்காரும்போது, எந்த வரி எந்தப் பெட்டியில் இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டு ஒன்றுதான் சான்று.