கரிசல் மண், உப்புத் தண்ணீர், மேற்குப் பார்த்த வீடு: என்ன செடி வைக்கலாம், என்ன பெயிண்ட் அடிக்கலாம்?

கேள்வி: கோவில்பட்டிக்காரி

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் புது வீடு. பூச்சு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. வாசல் மேற்கே பார்த்தது, முன்னால் இரண்டு சென்ட் சும்மா கிடக்கிறது. காண்ட்ராக்டர் புல்தரை போட்டு நான்கு அலங்காரப் பனை வைக்கலாம் என்கிறார். சுவருக்கு அடர் சாம்பல் நிறமாம். போர்த் தண்ணீர் உப்பு, குடிக்க லாரித் தண்ணீர்தான். தண்ணீர் அதிகம் கேட்காத நம்ம ஊர்ச் செடிகளாக வைக்க ஆசை. எதை, எப்போது நட வேண்டும்? தெருவில் ஆடுகள் வேறு திரிகின்றன.

பதில்: எட்டயபுரம் பக்கம்

அக்கா, புல்தரை வேண்டவே வேண்டாம். சதுர மீட்டருக்குத் தினம் 5 லிட்டர் என்று வைத்தாலும், இரண்டு சென்ட்டுக்கு 400 லிட்டர் ஆகிறது. கோடையில் லாரிக்காரரிடம் வாங்கிப் புல்லுக்கா ஊற்றுவது?

என் வீட்டு முன்னால் ஆறு வருடமாக ஆவாரைதான் நிற்கிறது. நாற்று தேடி அலையாதீர்கள். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி, பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. ரோட்டோரச் செடியில் காய்ந்த நெற்றைப் பறித்து ஆட்டிப் பாருங்கள், கலகலவென்று சத்தம் வந்தால் விதை முற்றிவிட்டது. தோல் கெட்டியானது. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு, நிற்கும் இடத்திலேயே ஊன்றுங்கள். புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே வேர் பிடித்துவிடும். முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒரு குடம் ஊற்றினேன். அப்புறம் ஒன்றுமே ஊற்றவில்லை. பொங்கல் காப்புக்குக் கண்ணுப்பீளையும் வேப்பிலையும்தான் வெளியே தேட வேண்டும், ஆவாரம்பூ வாசலிலேயே இருக்கும்.

இலையில் பச்சைப் புழு வந்தால் மருந்து அடித்துவிடாதீர்கள். வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் புழு அது. நான் முதல் வருடம் அடித்துக் கெடுத்தேன். மறு வருடம் விட்டுவிட்டேன். செடி பாதி மொட்டையானது, இருபதே நாளில் மறுபடி தழைத்தது.

வேம்பு ஒன்று போதும், தென்மேற்கு மூலையில் வையுங்கள். பிற்பகல் வெயில் மேற்குப் பக்கமிருந்துதான் தாக்கும். ஆனால் சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி இருக்கட்டும். கரிசல் மண் மழையில் வீங்கும், கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். பக்கத்தில் மரம் நின்று ஈரத்தை உறிஞ்சினால் அஸ்திவாரத்துக்கு நல்லதில்லை. தூரில் உளுந்தம் பொட்டும் நிலக்கடலைத் தொலியும் அரை அடிக்குப் போட்டு மூடுங்கள், வெடிப்பு குறையும்.

வேலிக்கு நொச்சியும் ஆடாதொடையும். இரண்டும் போத்து வெட்டி ஊன்றினாலே வரும். ஆடு தொடாததால்தான் ஆடாதொடை என்று எங்கள் ஆச்சி சொல்வார்கள்.

பதில்: பெயிண்ட் வேலை 22 வருடம்

அடர் சாம்பல் மேற்குச் சுவருக்கு ஆகாதும்மா. மதியம் முழுக்கச் சூட்டை வாங்கி, ராத்திரி படுக்கும் நேரத்தில் உள்ளே விடும். கை வைத்துப் பார்த்தாலே தெரியும். வெளுப்பதும் சீக்கிரம். வெள்ளையில் லேசாகச் சந்தனம் கலந்த நிறம் எடுங்கள். ஆவாரம்பூ மஞ்சளுக்குப் பின்னால் அது அழகாக எடுப்பாக இருக்கும்.

கீழே தரையிலிருந்து இரண்டரை அடிக்குக் காவிப் பட்டை அடியுங்கள். மழையில் கரிசல் தெறித்தால் வெளிர் சுவரில் கறுப்புப் புள்ளியாக நிற்கும், காவியில் அவ்வளவாகத் தெரியாது.

முக்கியமானது இது: உப்புத் தண்ணீரில்தானே பூச்சுக்குக் கலந்து நனைத்திருப்பார்கள்? அவசரப்படாதீர்கள். பூச்சு வேலை முடிந்து ஒரு மாதமாவது காய வேண்டும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம். மறுபடி பூக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் பிரைமர். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாலே கீழ் அறையில் வித்தியாசம் தெரியும்.

கோவில்பட்டிக்காரி

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இப்போதுதான் போய்ப் பார்த்தேன், வடக்குச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. பெயிண்டரைப் பொறுக்கச் சொல்லிவிட்டேன். புல்லும் வேண்டாம் என்றாகிவிட்டது. தம்பி, மாடித் தண்ணீரை எங்கே விடட்டும்?

எட்டயபுரம் பக்கம்

வேம்புக்கு நாலடி தள்ளி ஒரு குழி எடுத்து, குழாயை அங்கே கொண்டுபோய் விடுங்கள் அக்கா. சுவரோரம் தேங்கவே கூடாது. ஆவாரை விதை என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது, புரட்டாசிக்கு முன்னால் கேளுங்கள்.