இரவு வேட்டைக்கு டிஜிட்டல் ஸ்கோப்: பன்றிதானா என்று உறுதியாகத் தெரியும் தூரம் எவ்வளவு?

கேள்வி, ஹூஸ்டனிலிருந்து

வேலை மாற்றலாகி டெக்சாஸ் வந்திருக்கிறேன். அலுவலக நண்பரின் குடும்பப் பண்ணையில் காட்டுப்பன்றித் தொல்லை அதிகம் என்று இரவு வேட்டைக்கு அழைக்கிறார்கள். துப்பாக்கியில் பொருத்தி இருட்டில் குறிபார்க்கும் டிஜிட்டல் ஸ்கோப் ஒன்று வாங்க எண்ணம். சில நூறு டாலரிலிருந்து சில ஆயிரம் டாலர் வரை கண்ணில் படுகின்றன. வாங்கிப் பயன்படுத்தியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். எத்தனை கஜம் வரை தெரியும் என்பதுதான் என் முதல் சந்தேகம்.

பதில், ஆஸ்டினிலிருந்து

தம்பி, உங்கள் சந்தேகத்தை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒன்று நிற்கிறது என்று தெரியும் தூரம் வேறு. அது பன்றிதான் என்று ஐயமில்லாமல் தெரியும் தூரம் வேறு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது முதல் தூரத்தை. ட்ரிகரில் விரல் வைக்க உரிமை தருவது இரண்டாவது தூரம் மட்டுமே. நல்ல டிஜிட்டல் ஸ்கோப்பில்கூட அது விளம்பரத் தூரத்தில் பாதியைத் தொட்டால் பெரிது.

நான் வழக்கமாகப் போவது லானோ பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு. கருவேலம்போல முள்ளடர்ந்த மெஸ்கீட் மரங்கள், இடையிடையே மேய்ச்சல் நிலம், நிறைய கறுப்பு ஆங்கஸ் மாடுகள். ஒரு குளிர்கால இரவில் என்னுடன் வந்தவர், உடல் வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வைத்திருந்தார். புல்லுக்குள் தாழ்வாக இரண்டு மூன்று வெள்ளைத் திட்டுகள் அவருக்குத் தெரிந்தன. "பன்றிக் கூட்டம், படுத்திருக்கிறது" என்றார். உயரமும் பருமனும் அப்படித்தான் இருந்தன. நான் என் டிஜிட்டல் ஸ்கோப்பில் அகச்சிவப்பு விளக்கைக் குவித்துப் பார்த்தேன். முதலில் புல் நுனிகள்தான் வெளுத்து நின்றன. விளக்கின் வட்டத்தைச் சுருக்கியதும் பின்னால் இருந்தது மெல்லத் துலங்கியது. மடித்த முன்னங்கால், அகன்று தாழ்ந்த காது, அந்தக் காதில் வெளிறித் தெரிந்த அடையாளத் தகடு. கன்றுகள். மேயப் போகும் தாய்ப்பசு கன்றைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுப் போவது வழக்கம். தெர்மலில் அந்தத் தகடு தெரியவே இல்லை, ஏனென்றால் அது காதின் சூட்டோடு கலந்துபோயிருந்தது.

இதைச் சொல்வது தெர்மலைக் குறை சொல்ல அல்ல. தேடுவதற்கு அதற்கு இணையே கிடையாது. அது உடலின் வெப்பத்தைப் பார்க்கிறது, ஆகவே நிலவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலங்கு பளிச்சென்று நிற்கும். ஆனால் வெப்பத்தில் வேறுபாடு இல்லாத எதையும் அது காட்டாது. வேலிக் கம்பியும் தோட்டாவின் வழியில் குறுக்கே நிற்கும் சுள்ளியும் பல நேரங்களில் தெரியாமலே போகும். டிஜிட்டல் ஸ்கோப் செய்வது சாதாரண கேமராவின் வேலை. முன்னே லென்ஸ், பின்னே சென்சார், கண்ணருகே சிறிய திரை. சிலிக்கன் சென்சார் நம் கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியையும் உணர்வதால், அந்த விளக்கை அடித்து இருட்டில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கிறது. ஒளி பட்டுத் திரும்புவதைப் பார்ப்பதால் உரோமம், காது, வால், கம்பி எல்லாம் உருவத்தோடு தெரியும். பழைய குழாய் வகை இரவுநோக்கிபோல் பகல் வெளிச்சத்தில் கெட்டுப்போகும் என்ற பயமும் இதற்கு இல்லை. பகலில் வண்ணப்படம், இரவில் கறுப்பு வெள்ளை.

என் வழி இதுதான்: கையில் ஒரு சிறிய தெர்மல் ஒற்றைக்கண் கருவி, துப்பாக்கியில் டிஜிட்டல் ஸ்கோப். வெப்பத்தால் கண்டுபிடிப்பேன், உருவத்தால் முடிவு செய்வேன். பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றாலும் துப்பாக்கியில் உள்ள ஸ்கோப்பை வைத்துத் தேடாதீர்கள். அப்படித் தேடுவதென்றால் மாடு, வீடு, மனிதர் என்று அந்த நிலத்தில் இருக்கும் அத்தனையின் மீதும் துப்பாக்கிக் குழலைத் திருப்புகிறீர்கள் என்று பொருள். ஐம்பது டாலர் கைவிளக்கு அதைவிட மேல்.

இனி வாங்கும்போது பார்க்க வேண்டியது. கடையில் முதலில் காட்டுவது உருப்பெருக்கம். 4 மடங்கில் தொடங்கி 32 மடங்கு என்பார்கள். அதில் லென்ஸ் தருவது அந்த 4 மட்டும்தான், மற்றதெல்லாம் பிக்சலை இழுத்துப் பெரிதாக்குவது. 1920 × 1080 சென்சாரில் இரண்டு மடங்கு இழுத்தாலே உங்களுக்கு மிஞ்சுவது 960 × 540, அதாவது கால் பங்கு. நூறு கஜத்துக்குள் சுடப்போகும் உங்களுக்கு அடிப்படை உருப்பெருக்கம் மூன்று, நான்கு போதும். அதற்குமேல் போனால் பார்வைப் பரப்பு குறுகி, கூட்டத்தில் பக்கத்தில் நிற்பது என்ன என்பதே தெரியாது.

யாரும் கேட்காத ஒன்றைக் கேளுங்கள்: படம் எவ்வளவு தாமதமாக வருகிறது? சென்சார் பிடித்ததைத் திரை காட்டுவதற்குள் ஒரு கணம் போய்விடும். விரட்டினால் காட்டுப்பன்றி மணிக்கு 48 கிலோமீட்டர் வரை ஓடும், நொடிக்கு 13 மீட்டருக்கு மேல். தாமதம் நொடியில் இருபதில் ஒரு பங்கு என்றாலும் நீங்கள் பார்ப்பது 65 சென்டிமீட்டர் பழைய பன்றி. நொடிக்கு 30 படம் தரும் ஸ்கோப்பை வைத்து ஓடும் விலங்கைச் சுட எனக்கு மனம் வருவதில்லை. நிற்கும் பன்றிக்குக் காத்திருப்பேன்.

அகச்சிவப்பு விளக்கில் 850, 940 நானோமீட்டர் என்று இரண்டு வகை. 850 தொலைவு போகும், ஆனால் விளக்கை நேராகப் பார்த்தால் மங்கிய சிவப்புப் பொட்டு தெரியும். 940 அறவே தெரியாது. ஆனால் சென்சார் அந்த ஒளியை அவ்வளவாக உணராது, தூரம் குறையும். எங்கள் பக்கத்துப் பன்றிகள் 850-ஐப் பொருட்படுத்தியதாக நான் பார்க்கவில்லை. கயோட்டிகள் (ஓநாய்போன்ற சிறிய காட்டு விலங்குகள்) தலையைத் தூக்கிப் பார்த்ததுண்டு.

இன்னொன்று, எனக்கு மிகவும் உதவியது. மான், மாடு, நாய், ரக்கூன் இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. பன்றிக்கு அது கிடையாது. ஆகவே ஸ்கோப்பில் இரு கண்கள் தணல்போல் எரிந்தால் விரலை எடுத்துவிடுங்கள், அது பெரும்பாலும் பன்றியல்ல. வெள்ளைவால் மானை டெக்சாஸில் இரவில் சுடுவது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சட்டம் பற்றி ஒரு முக்கியமான சேதி. நிலத்துக்காரர் அனுமதி இருந்தால் தனியார் நிலத்தில் காட்டுப்பன்றிக்கு வேட்டை உரிமம் வேண்டாம் என்று 2019 செப்டம்பரிலிருந்து டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. ஆனால் நீங்கள் எச்-1பி போன்ற விசாவில் இருந்தால், கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் கையில் இருப்பதே தடை. அதற்கான விலக்குகளில் முக்கியமானது, ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம். பண்ணைக்காரர் "உனக்கு உரிமம் எதற்கு" என்று அன்போடுதான் சொல்வார். அவருக்குத் தேவையில்லை, உங்களுக்குத் தேவை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து, உரிமத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே ஸ்கோப் விலையைப் பாருங்கள்.

பதில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்து

ஆஸ்டின் அண்ணா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், கண் ஒளி விடயத்தில் மட்டும் ஒரு சொல் சேர்க்க வேண்டும். எனக்கு இங்கே பன்றி வேட்டை இல்லை. ஆட்டுக்குட்டி ஈனும் காலத்தில் நரிக்கும், தானியக் களஞ்சியத்தில் எலிக்கும்தான் என்னை அழைப்பார்கள். நரியின் கண் எரியும். ஆட்டின் கண்ணும் எரியும், பூனையின் கண்ணும் எரியும். எனவே கண்ணை மட்டும் வைத்துச் சுடுவது என்பதே எங்களிடம் கிடையாது.

ஒருமுறை வேலியோரம் நரி உயரத்தில் இரண்டு ஒளிப்பொட்டுகள் மேலும் கீழுமாக அசைந்தபடி வந்தன. நடையும் நரி நடைதான். துப்பாக்கியின் பாதுகாப்புப் பூட்டைத் திறக்காமலே ஸ்கோப்பில் தொடர்ந்தேன். வேலியில் இடைவெளி வந்த இடத்தில் முதலில் தெரிந்தது கழுத்தில் ஒளிரும் பட்டி. அடுத்து, பின்னால் இரண்டு முழங்கால்சட்டைக் கால்கள். நள்ளிரவுக்குக் கிட்டிய நேரத்தில், கைவிளக்குக்கூட இல்லாமல், ஒருவர் நாயுடன் பொது நடைபாதையில் போய்க்கொண்டிருந்தார். இந்த நாட்டில் வயலின் நடுவே நடைபாதை போவது சாதாரணம். வேட்டைக்கு முன் பகலில் போய் அந்தப் பாதைகள் எங்கே போகின்றன, பின்னால் மண்மேடு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பேன். எவ்வளவு விலை கொடுத்த ஸ்கோப்பும் இந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது.

களஞ்சியத்தில் காற்றுத் துப்பாக்கியோடு இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். இருபது மீட்டரில் விளக்கை முழு வலுவில் போட்டால் சுவர் ஒளியைத் திருப்பியடித்து, படம் முழுவதும் வெளுத்துவிடும். விளக்கின் வலுவைப் படிப்படியாகக் குறைக்க முடிகிறதா, மிகக் கிட்டத்தில் குவியம் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொலைதூரத்துக்குச் செய்த பல ஸ்கோப்புகள் பத்து மீட்டரில் மங்கலாகவே நிற்கும். ஸ்கோப் குழலுக்கு மேலே உயரமாக இருப்பதால், 25 மீட்டரில் குறி சரிசெய்த துப்பாக்கி பத்து மீட்டரில் தாழ்வாக அடிக்கும். வெவ்வேறு தூரத்துக்கு வெவ்வேறு குறியைச் சேமித்து வைக்கும் வசதி டிஜிட்டலில் இருப்பது இந்த வேலைக்குப் பெரிய வரம். திரையில் எல்லாம் தட்டையாகத் தெரிவதால் தூரத்தைக் கண்ணால் மதிக்க முடியாது. ஆகவே களஞ்சியத் தூண்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரத்தைப் பகலிலேயே அளந்துவிடுவேன்.

பதில், டாலஸிலிருந்து

இடுப்பளவு புல் வளர்ந்த நிலத்தில் டிஜிட்டல் ஸ்கோப்பை நம்பாதீர்கள். கிட்டத்துப் புல் விளக்கை வாங்கிக்கொள்ளும், பன்றி கறுப்பாகவே நிற்கும். மூடுபனியிலும் புழுதியிலும் அதே கதை. ஆற்றங்கரைப் பண்ணைகளில் நான் தெர்மலுக்கு மாறிவிட்டேன். அடையாளம் உறுதியாகும்வரை நெருங்கிப் போகிறேன், அறுபது கஜத்துக்குமேல் சுடுவதில்லை. உங்கள் நண்பரின் நிலத்தில் புல் எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மீண்டும் ஹூஸ்டனிலிருந்து

அனைவருக்கும் நன்றி. பண்ணையில் அறுவடை முடிந்த சோள வயல், தட்டை மட்டும் நிற்கிறது என்கிறார் நண்பர். இருட்டில் ஸ்கோப்பைக் கையாளும்போது கவனிக்க வேண்டியது என்ன? ஊருக்குப் போகும்போது இதை எடுத்துச்செல்ல முடியுமா?

பதில், ஆஸ்டினிலிருந்து

தட்டை வயல் என்றால் டிஜிட்டல் போதும். விளக்கைத் தட்டைக்கு மேலாக அடிக்கும்படி கொஞ்சம் உயரமான இடத்தில் உட்காருங்கள்.

ஸ்கோப்பின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ வரும், முக்காலி இல்லாமல் நெடுநேரம் பிடிக்க முடியாது. திரை வெளிச்சத்தைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும், அதனால் தேடும் கருவியை இடது கண்ணிலும் குறிபார்ப்பதை வலது கண்ணிலும் வைத்துக்கொள்கிறேன். வெளிச்சத்தைக் குறைத்து, ரப்பர் மூடியைக் கண்ணோடு ஒட்டிவைத்தால் முகத்தில் ஒளி விழாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள்.

மென்பொருளைப் புதுப்பித்தால் வேட்டைக்கு முன் பகலில் தாளில் சுட்டுக் குறியைச் சரிபாருங்கள். நண்பர் ஒருவரின் ஸ்கோப்பில் புதுப்பித்ததும் சேமித்த குறி முழுவதும் அழிந்துபோயிருந்தது. நல்லவேளையாக அதைச் சுடுகளத்திலேயே கண்டுபிடித்தார். குறி வைப்பது டிஜிட்டலில் எளிது: ஒரு குண்டு சுட்டு, படத்தை உறைய வைத்து, குறிக்கோட்டைத் துளை இருக்கும் இடத்துக்கு நகர்த்திச் சேமித்தால் போதும். ஆனால் ஒரே குண்டை நம்பாமல் மூன்று சுட்டு, அவற்றின் நடுப்புள்ளிக்கு நகர்த்துங்கள்.

ஊருக்கு எடுத்துச்செல்ல வேண்டாம். துப்பாக்கி ஸ்கோப்புகள் அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன, அனுமதி இல்லாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் வழக்கு உங்கள்மீதுதான் வரும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை பொதுவாகத் தடை. போகும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, துப்பாக்கிப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பெட்டகம் இல்லையென்றால் ஸ்கோப்புக்கு முன்னால் அதை வாங்குங்கள்.