மறுமொழி: ‘பாப்புலேஷன் மொமெண்டம்’ – தமிழில் என்ன போடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

வியாசர்பாடி மாலை வகுப்புக்கான மக்கள்தொகைக் குறிப்பேட்டில் ஒரு சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. பிறப்பு குறைந்த பிறகும் ஒரு நாட்டின் மக்கள்தொகை பல பத்தாண்டுகள் ஏறிக்கொண்டே போகிறதே, அதற்கான சொல். ஒரு பெண்ணுக்குச் சுமார் 2.1 குழந்தை என்பது பதிலீட்டு நிலை, அதாவது ஒரு தலைமுறை தன் இடத்தை அதே எண்ணிக்கையில் நிரப்பும் அளவு. சீனா 1990களின் தொடக்கத்திலேயே அதற்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் மக்கள்தொகை குறையத் தொடங்கியது 2022இல்தான். பழைய குறிப்பில் ‘மக்கள்தொகை முடுக்கம்’ என்று இருக்கிறது. முடுக்கம் என்றால் வேகம் கூடுவது. இங்கே வேகம் குறைந்துகொண்டுதான் வருகிறது. ‘தொடர்வேகம்’ சரிப்படுமா?

– ராயபுரம்

---

> ‘தொடர்வேகம்’ சரிப்படுமா?

அண்ணே, முடுக்கத்தை எடுத்துவிடுவோம். ஆனால் தொடர்வேகத்திலும் சிக்கல் இருக்கிறது. வேகம் என்றதும் மாணவர்கள் வளர்ச்சி வீதத்தைத்தான் நினைப்பார்கள். வளர்ச்சி வீதத்தில் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு மூன்றும் கலந்திருக்கிறது. ஜெர்மனியில் 1972 முதல் ஆண்டுதோறும் பிறப்பைவிட இறப்புதான் அதிகம். இருந்தும் மக்கள்தொகை இன்று 8.3 கோடியைத் தாண்டி நிற்கிறது. காரணம் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள். இதையும் ‘தொடர்வேகம்’ என்று ஒருவர் எழுதினால் நம்மால் தவறென்று சொல்ல முடியாது.

இயற்பியல் பாடநூலில் மொமெண்டத்துக்கு ‘உந்தம்’ என்று பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம்: ‘மக்கள்தொகை உந்தம்’. கொருக்குப்பேட்டைக்குள் நுழையும் சரக்கு ரயில் பிரேக் போட்ட இடத்திலேயே நிற்பதில்லை என்று ஒரு வரி சொன்னால் வகுப்புக்குப் புரிந்துவிடும்.

– பெரம்பூர்

---

தம்பி, உந்தம் நல்ல தேர்வு. ஆனால் ‘மக்கள்தொகை உந்தம்’ என்றால் எது உந்துகிறது என்பது சொல்லில் இல்லை. உந்துவது வயதமைப்பு, அதாவது எந்த வயதில் எத்தனை பேர் என்பது. ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள்.

ஓர் ஊரில் 0–29 வயதில் 30 ஆயிரம் பேர், 30–59இல் 20 ஆயிரம், 60–89இல் 10 ஆயிரம். மொத்தம் 60 ஆயிரம். இன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையும் தன் எண்ணிக்கைக்குச் சமமாகவே குழந்தை பெறுகிறது, 90 வயதுக்கு முன் யாரும் சாகவில்லை, யாரும் ஊர் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு கழித்து 30, 30, 20: மொத்தம் 80 ஆயிரம். இன்னொரு முப்பது ஆண்டில் 30, 30, 30: 90 ஆயிரம். அதோடு நின்றுவிடும். 90ஐ 60ஆல் வகுத்தால் 1.5. இதுதான் உந்தக் காரணி.

இப்போது அட்டவணையைத் தலைகீழாக்குங்கள். 10, 20, 30 என்று தொடங்கினால் 40 ஆயிரமாகி, பிறகு 30 ஆயிரத்தில் நிற்கும். காரணி 0.5. ஜப்பான் இந்த வகை. அங்கே 2023இல் ஒரு பெண்ணுக்கு 1.2 குழந்தை. நாளைக்கே அது பதிலீட்டு நிலைக்கு ஏறினாலும், முதியோர் அதிகமாகவும் தாயாகும் வயதுப் பெண்கள் குறைவாகவும் இருப்பதால் மக்கள்தொகை இறங்கத்தான் செய்யும். நைஜர் எதிர்ப்பக்கம்: ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 6 குழந்தை, மக்களில் பாதிப்பேர் சுமார் 15 வயதுக்குள்.

அதனால் ‘வயதமைப்பு உந்தம்’ என்று வைப்போம். காரணி 1க்கு மேல் போனால் ஏறுமுக உந்தம், கீழே போனால் இறங்குமுக உந்தம். தனிமடலில் ஒருவர் ‘வயதுச் சுமை’ என்று எழுதியிருந்தார். மக்களைச் சுமை என்று சொல்லும் வழக்கம் நம் குறிப்பேட்டுக்குள் வரவே கூடாது.

– தண்டையார்பேட்டை

---

அக்கா, ‘வயதமைப்பு உந்தம்’ எனக்கு முழுச் சம்மதம். விளக்கத்தில் இரண்டு எச்சரிக்கைகள் சேர்க்க வேண்டும்.

உண்மையான நாட்டுக்குக் கணக்கிடும்போது ஐந்தைந்து வயதாகப் பிரித்து, ஆயுள் அட்டவணையின் பிழைப்பு வீதத்தால் (ஒரு வயதுப் பிரிவினரில் அடுத்த பிரிவுக்கு உயிரோடு போகும் பங்கு) பெருக்கி நகர்த்துவோம். அப்போது எல்லா நாட்டுக்கும் 2.1 என்று போட்டால் விடை பிசகும். ஆண் குழந்தைகள் சற்று அதிகம் பிறப்பதும், சில பெண்கள் தாயாகும் வயதுக்கு முன்பே இறப்பதும்தான் 2க்கு மேல் அந்த 0.1 வரக் காரணம். சிசு, குழந்தை இறப்பு அதிகமுள்ள நாட்டில் பதிலீட்டு நிலையே 2.1ஐத் தாண்டும். நிகர மறுஉற்பத்தி வீதம் (இறப்பையும் கணக்கில் கொண்டு ஒரு பெண்ணுக்குச் சராசரியாக வரும் மகள்களின் எண்ணிக்கை) 1 ஆகும்படி அந்தந்த நாட்டுக் கருவளத்தை, அதாவது ஒரு பெண் பெறும் சராசரிக் குழந்தை எண்ணிக்கையை, சரிசெய்வதே முறை. மக்கள்தொகை ஆய்வாளர் நேதன் கெய்ஃபிட்ஸ் இந்த உந்தத்தைப் பற்றி 1971இல் எழுதிய கணக்கும் இந்த அடிப்படையில்தான்.

அடுத்தது குடிபெயர்வு. அதைச் சுழியாக வைக்காவிட்டால் வருவது உந்தமே அல்ல. இதற்கு நம்மூர்க் கணக்கையே காட்டலாம். 2001–2011இல் சென்னை மாவட்டம் 7 சதவீதம்தான் வளர்ந்தது; திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதம். திருவள்ளூரில் பிறப்பு ஐந்து மடங்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வீடும் வேலையும் தேடி வந்து குடியேறியவர்களே பெரும்பகுதி. கணக்கெடுப்பு முடிந்த பிறகு, அதே 2011இல், திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்தன. பழைய எல்லை எண்ணையும் புதிய எல்லை எண்ணையும் பக்கத்தில் வைத்தால் ஒரு குழந்தைகூடப் பிறக்காமல் சென்னை ‘வளர்ந்துவிடும்’.

இன்னொன்று: பத்தாண்டு வளர்ச்சியைப் பத்தால் வகுக்காதீர்கள். இந்தியா 2001–2011இல் 17.7 சதவீதம்; ஆண்டுக்கு 1.77 அல்ல, சுமார் 1.63. நம் குறிப்பேட்டின் உலக நாடுகள் அட்டவணையில் எல்லாம் ஆண்டு வீதமாகவே இருக்கட்டும்.

சொல்பட்டியலில் இப்படி ஏற்றிவிடுகிறேன். வயதமைப்பு உந்தம்: கருவளம் பதிலீட்டு நிலையில் நின்று, இறப்பு வீதம் மாறாமல், குடிபெயர்வும் இல்லாதபோது, இன்றைய வயதமைப்பு காரணமாக மட்டும் மக்கள்தொகை அடையும் ஏற்றம் அல்லது இறக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. திருத்தம் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

– திருவொற்றியூர்