இண்டியன் ஓஷன்: ஆள் மாறியபோது ஒலி எங்கே மாறியது

கேசட் பெட்டி:
இண்டியன் ஓஷன் என்ற இசைக்குழுவின் பாட்டில் யார் வாசித்தது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் ஆல்பம் வெளிவந்த ஆண்டைப் பார்க்கிறார்கள். பிழை அங்கேதான் நுழைகிறது. பார்க்க வேண்டியது பதிவான ஆண்டு.

1990இல் டெல்லியில் சுஸ்மித் சென்னும் (கிடார்) அசீம் சக்ரவர்த்தியும் (குரல், தபலா) தொடங்கிய குழு இது. அடுத்த ஆண்டு ராகுல் ராம் பேஸ் கிடாருக்கு வந்தார். 1993இல் வந்த முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் ஷலீன் சர்மா. அமித் கிலம் சேர்ந்ததே 1994இல். இது தெரியாமல் அந்த டிரம்ஸையும் அமித் பேரில் எழுதிவிடுகிறார்கள். எல்லாருக்கும் பழக்கமான அந்த நால்வர் அணியைக் கேட்க 'டெசர்ட் ரெயின்' ஆல்பத்தை எடுக்க வேண்டும். 1997 ஜனவரி 1 அன்று, வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மியின் நினைவு நிகழ்ச்சியில் மேடையிலேயே பதிவானது.

'16/330 கஜூர் ரோடு' ஆல்பம் இன்னும் குழப்பும். 2010இல் மாதத்துக்கு ஒரு பாட்டாக இணையத்தில் இலவசமாக விட்டார்கள். அசீம் 2009 டிசம்பர் 25 அன்று காலமாகிவிட்டார். ஆனாலும் அதில் கேட்பது அவர் குரல்தான்; எல்லாம் அவர் இருக்கும்போதே பதிவானவை. தலைப்பு, டெல்லி கரோல் பாக்கில் அவர்கள் ஒத்திகை பார்த்த வீட்டின் முகவரி.

தாளக்காரன்:
அசீமுக்குப் பிறகு ஏன் இரண்டு பேர் வந்தார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். அவர் பாடிக்கொண்டே தபலா வாசித்தவர். அந்த இரண்டு வேலையும் பிரிந்தது: தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி, குரலுக்கு ஹிமான்ஷு ஜோஷி.

பிரித்தால் என்ன ஆகும் என்பது கையில் தபலா இருப்பவருக்குத்தான் தெரியும். பாடுகிறவரே வாசித்தால், மூச்சு எடுக்கும் இடத்தில் கை தானாக எளிமையாகிவிடும். நீட்டிப் பாடும்போது இடது கை அடங்கும். தனி ஆள் வந்து உட்கார்ந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வரி முடியும் இடத்தில் உருட்டிவிடுவார், கடைசிச் சொல் அமுங்கிப் போகும். இப்படிப் பாட்டை ஏற்று வாசிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பழைய பதிவைக் கேட்டுப் பாடகர் மூச்சு எடுக்கும் இடங்களை வரிக்கு மேலே குறித்துக்கொள்வது. அந்த இடங்களில் வெறும் டேக்கா (தாளத்தின் அடிப்படைச் சொற்கட்டு) போதும். ஜோடிப்பும் உருட்டலும் பாட்டு இல்லாத பகுதிக்கு.

சுருதியும் கவனிக்க வேண்டும். வலந்தலை (வலது கை வாசிக்கும் தபலா) பாட்டின் ஷட்ஜத்துக்குச் சேர்ந்திருக்கணும். ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு (C#) ஏறத்தாழ ஐந்தேகால் அங்குலத் தலை சரியாக வரும். மேடை விளக்குச் சூட்டில் தோல் காய்ந்து சுருதி ஏறும், ஈரக்காற்றில் இறங்கும். அதனால் ஒலிச் சோதனையில் சேர்த்ததோடு விடாமல், பாட்டுக்கு முன்னால் இன்னொரு முறை தட்டிப் பார்க்கணும். சிறு வித்தியாசத்துக்கு விளிம்புப் பின்னலில் சுத்தியால் தட்டினால் போதும். அரைக் கட்டைக்கு மேல் தள்ளியிருந்தால் வாருக்கு அடியில் இருக்கும் மரத்துண்டுகளை நகர்த்த வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், வேறு சுருதிப் பாட்டுக்கு இரண்டாவது வலந்தலை வைத்திருப்பதே நல்லது.

அமித் கப்குபி என்ற தந்தித் தாளக் கருவியை எடுக்கும் பாட்டுகளைக் கவனியுங்கள். ஒரு கை தந்தியை மீட்ட, மறு கை குமிழைப் பிடித்து இழுத்து இழுத்துச் சுருதியை வளைக்கும். இரண்டு கையும் மாட்டிக்கொண்டதால் டிரம்ஸ் கிடையாது. தாளம் முழுக்கத் தபலாக்காரர் தலையில் விழும்.

நாலு தந்தி:
கீழ் ஒலி பற்றியும் சொல்ல வேண்டும். பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். டிரம்ஸில் காலால் அடிக்கும் கிக்கும் தபலாவின் இடந்தலையும் அதே பக்கத்தில்தான் முழங்கும். மூன்றையும் ஏற்றினால் குழம்பிய உறுமல்தான் மிஞ்சும். ஒரு பாட்டுக்கு எது அடித்தளம் என்று முடிவு செய்து, மற்ற இரண்டிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்தால் தெளியும். இடந்தலையின் வழுக்கல் ஓசை அதற்கு மேலேயும் இருப்பதால் அது கெடாது.

கேசட் பெட்டி:
கிடாருக்கு ஒரு சேர்க்கை. சுஸ்மித் 2013இல் விலகி நிகில் ராவ் வந்தார். சுஸ்மித்தின் பகுதிகளைக் கேட்டுக் கற்பவர்கள் கேசட்டிலிருந்து எடுத்த கோப்பை நம்ப வேண்டாம். டேப் ஓட்டம் 6 சதவீதம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். அது தெரியாமல் கிடார் சுருதியை மாற்றிவிட்டு, திறந்த தந்திகள் ஏன் ஒட்டவில்லை என்று திண்டாடுவார்கள். அதே பாட்டின் குறுந்தகட்டுப் பிரதியோடு வைத்து ஒரே நீளமா என்று பாருங்கள். நான்கு நிமிடப் பாட்டு 14 விநாடி குறைவாக ஓடினால், டேப் வேகமாக ஓடியிருக்கிறது. வேகத்தைச் சரிசெய்த பிறகே தந்தியில் கை வையுங்கள்.

நாலு தந்தி:
சரியான கணக்கு. நேரடிப் பதிவுகளுக்கு மட்டும் இது பொருந்தாது. மேடையில் பாட்டின் நீளமே நாளுக்கு நாள் மாறும். அங்கே ஒத்திட்டுப் பார்க்க வேண்டியது சுருதியைத்தான்.